உப்புக்காற்று வீசும் ஊரில் விசிறி இல்லாத குட்டிக் கணினி: எதை வாங்கலாம்?

தொலைக்காட்சியோடு இணைத்துப் படம் பார்க்கச் சத்தமில்லாத சிறு கணினி ஒன்று வேண்டும், எதை வாங்கலாம் என்று அண்மையில் மூன்று வீடுகளிலிருந்து என்னைக் கேட்டார்கள். ஒருவர் திருகோணமலை உவர்மலையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். இன்னொருவர் உப்புவெளியில் கடலைப் பார்த்தபடி வீடு கட்டிய என் சித்தப்பா. மூன்றாமவர் கிண்ணியாவில் இருக்கும் நண்பர். அவருடைய பிள்ளைகள் பாடக் காணொளிகளையும் அதே திரையில்தான் பார்க்க வேண்டும். மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்லியிருந்தால் குறைந்தது இருவரையாவது ஏமாற்றியிருப்பேன்.

இந்தக் கேள்வி எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பு என் வீட்டுத் தொலைக்காட்சியோடு ஒரு பழைய மேசைக் கணினி இணைந்திருந்தது. நான்காம் ஆண்டில் அது அம்மிக்கல் உருள்வது போலச் சத்தமிடத் தொடங்கியது. திறந்து பார்த்தேன். விசிறியின் தண்டில் கறள் ஏறியிருந்தது. வெப்பத்தை வெளியேற்ற வேண்டிய அலுமினியத் தகடுகளுக்கு இடையில் தூசியும் உப்பும் சேர்ந்து ஈரக் களிமண் போல அப்பியிருந்தன. நான்கு ஆண்டுகளாக அந்த விசிறி கடற்காற்றை இழுத்து இழுத்து உள்ளே கொட்டியிருக்கிறது. தாய்ப்பலகையின் ஒரு மூலையில் செம்பு பச்சை பூத்திருந்தது. அதற்குப் பிறகு அந்தக் கணினி பிழைக்கவில்லை.

விசிறியில்லாக் கணினியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் மௌனத்தையே பேசுகிறார்கள். யன்னல்களை இறுகச் சாத்திக்கொண்டு இருக்கும் குளிர்நாட்டு வீட்டில் அது சரி. திருகோணமலையில் இரவு எட்டு மணிக்கு எந்த முன்னறையிலும் உத்தரத்து விசிறி சுழன்றுகொண்டிருக்கும். சிறு கணினியின் விசிறிச் சத்தம் அதில் கரைந்துவிடும். ஏசி போட்டுக் கதவைச் சாத்திய படுக்கையறையில்தான் மௌனம் பெரிய விடயமாகிறது. நம் ஊருக்கு விசிறியில்லாப் பெட்டி வேண்டும் என்று நான் வற்புறுத்துவது உப்பை முன்னிட்டு. அந்தப் பாதுகாப்புக்கு நாம் கொடுக்கும் விலை வெப்பம். கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்த இரண்டுக்கும் இடையில் நடக்கும் பேரம்தான்.

## எதை வைத்து அளப்பது

### வெப்பம்

வெளிநாட்டு மதிப்புரை ஒன்றில் ‘முழுச் சுமையில் 65 பாகை’ என்று போட்டிருந்தால், அந்த அளவு பெரும்பாலும் 20 அல்லது 22 பாகை அறையில் எடுக்கப்பட்டது. விசிறி இல்லாத பெட்டியில் செயலிச் சில்லின் சூடு அறைச் சூட்டின் தோளில் ஏறி நிற்கிறது. அறை ஒரு பாகை ஏறினால் சில்லும் ஏறத்தாழ ஒரு பாகை ஏறும். மே முதல் ஓகஸ்ட் வரை, கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில், நம் முன்னறைகள் பிற்பகலில் 33, 34 பாகையில் கிடக்கின்றன. ஆகவே அந்த 65ஐ நாம் 77 என்று படிக்க வேண்டும். கண்ணாடிக் கதவு போட்ட தொலைக்காட்சி அலுமாரிக்குள் வைத்தால் அதற்கும் மேலே போகும்.

ராஸ்பெரி பை என்ற ஒற்றைப் பலகைக் கணினி 80 பாகையில் தன் வேகத்தைத் தானே குறைக்கத் தொடங்கும். 85இல் கடுமையாகக் குறைக்கும். இன்டெல் என்100 சில்லுக்கு 105 பாகை வரை எல்லை உண்டு. சில்லு தாங்கிவிடும் என்று நிம்மதியடைய வேண்டாம். அதே பெட்டிக்குள் இருக்கும் எஸ்எஸ்டி என்ற சேமிப்பகமும் மின்தேக்கிகளும் அதே சூட்டில் வேகின்றன. மின்பகுபொருள் நிரப்பிய மின்தேக்கியின் வெப்பநிலை பத்துப் பாகை ஏறினால் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுவியலில் நெடுங்காலமாகப் பயன்படும் கணக்கு.

கடையில் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. பெட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். பாரமாக இருக்க வேண்டும். விசிறியில்லாக் கணினிக்கு அதன் உடல்தான் விசிறி. கனத்த அலுமினிய உடலும் அதில் வரிவரியாகத் தகடுகளும் இருந்தால் நல்லது. பிளாஸ்டிக் மேலுறை போட்டு இலேசாக இருக்கும் பெட்டியை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், திரும்ப வைத்துவிடுங்கள்.

### உப்பும் ஈரமும்

உலர்ந்த உப்பு வெறும் தூள். காற்றின் சாரீரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது அது காற்றிலிருக்கும் நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். வாடையும் மழையும் வரும் ஐப்பசி முதல் தை வரையிலான காலத்தில் இங்கே அந்த எல்லை அடிக்கடி தாண்டப்படுகிறது. கச்சான் மாதங்களில் பலகையில் படிந்த உப்புத்தூசி மழை மாதங்களில் உயிர் பெற்று, மின்சாரம் ஓடும் பாதைகளை அரிக்கிறது. துளையில்லாத மூடிய உலோகப் பெட்டிக்கு இங்கே இருக்கும் மதிப்பு கண்டியில் இருக்காது. பாவிக்காத யுஎஸ்பி, எச்டிஎம்ஐ துளைகளுக்கு ரப்பர் மூடிகள் கிடைக்கின்றன. அற்ப விலைதான், போட்டுவிடுங்கள்.

### எந்தக் காணொளியை ஓட்டப் போகிறீர்கள்

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சிறு கணினி காணொளியைத் திக்காமல் ஓட்டுவது அதற்கென்றே சில்லில் பதித்த தனிப் பகுதியால். அந்தப் பகுதிக்குத் தெரியாத வடிவத்தைக் கொடுத்தால் வேலை முழுவதும் பொதுச் செயலியின் தலையில் விழும். சூடு ஏறும், படம் திக்கும்.

நம் வீடுகளில் பார்ப்பவை என்ன? பழைய கலியாண டிவிடிக்கள். அவை எம்பெக்-2 வடிவம், எந்தக் கணினியும் ஓட்டும். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் உறவினர் அனுப்பும் கைபேசிக் காணொளிகள் பெரும்பாலும் எச்.264 அல்லது எச்.265. வன்தட்டில் சேர்த்து வைத்த படங்களும் இவ்விரண்டில் ஒன்று. யூடியூப் உயர்தரக் காணொளிகளை விபி9, ஏவி1 என்ற வடிவங்களில் தருகிறது. கோணேசர் கோயில் திருவிழாவை நேரலையில் பார்க்கும் வீட்டுக்கு யூடியூப் சீராக ஓடுவதுதான் முதல் தேவை.

### ஏனையவை, சுருக்கமாக

நெட்ஃபிளிக்ஸ் போன்ற சேவைகள் உரிமப் பாதுகாப்புப் பார்த்தே தரத்தை முடிவு செய்கின்றன. உயர்நிலைச் சான்றிதழ் இல்லாத கருவிக்கு, நீங்கள் 4கே சந்தா கட்டியிருந்தாலும், மங்கலான படம்தான் வரும்.

ரிமோட்டைப் பற்றி வாங்குமுன் யாரும் யோசிப்பதில்லை. சிஇசி என்ற வசதி இருந்தால் தொலைக்காட்சி ரிமோட்டாலேயே கணினியையும் இயக்கலாம். வயதான பெற்றோர் இருக்கும் வீட்டில் இது இல்லாமல் வாங்காதீர்கள்.

மின்சாரத்தில், 80 வாற்றுப் பழைய கணினி தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் மாதம் 12 அலகு. 10 வாற்றுச் சிறு கணினி அதே நேரத்துக்கு ஒன்றரை அலகு. நம் வீட்டு மின்பட்டியல் படிநிலைக் கட்டணம். கூடுதல் அலகுகள் எப்போதும் உச்சப் படியின் விலையிலேயே விழும். படி ஏறினால் நிலையான கட்டணமும் ஏறும். அந்தப் பத்துச் சொச்ச அலகுகளை அற்பமாக எண்ண வேண்டாம்.

தமிழுக்கு ஒரு சோதனை. தமிழில் பெயரிட்ட கோப்பு ஒன்றையும் தமிழ்த் துணையெழுத்து உள்ள காணொளி ஒன்றையும் பென் டிரைவில் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். ‘கொ’, ‘கௌ’ போன்ற எழுத்துகளில் கொம்பும் காலும் உரிய இடத்தில் நிற்கின்றனவா என்று கவனியுங்கள். பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய பழைய துணையெழுத்துகள் எந்தக் கருவியிலும் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும்.

## முதல் வழி: ராஸ்பெரி பை

2019 ஜூனில் வந்த ராஸ்பெரி பை 4ஐ நான் இன்னும் மதிக்கிறேன். உள்ளங்கையளவுப் பலகை. எச்.265 காணொளியை 4கே தரத்தில் வினாடிக்கு 60 சட்டகம் வரை வன்பொருளிலேயே ஓட்டும். லிப்ரீஎலெக் என்ற இலவச இயங்குதளத்தைப் பதித்தால், தொலைக்காட்சியைப் போட்டதும் கோடி என்ற ஊடக மென்பொருள் நேரே திறக்கும். சிஇசி வசதி உண்டு, ஆகவே ஒரே ரிமோட் போதும். ஒலிபெருக்கித் தொகுதி வைத்திருப்பவர்களுக்கு டோல்பி ட்ரூஎச்டி போன்ற உயர்தர ஒலியையும் மாற்றாமல் கடத்தும். உடலையே வெப்பவாங்கியாக்கும் அலுமினிய உறைகள் இதற்கெனக் கிடைக்கின்றன. அதில் ஒன்றைப் போட்டால் நம் வெயிலிலும் 80 பாகைக்குக் கீழேயே நிற்கிறது.

விபி9, ஏவி1 இரண்டுக்கும் வன்பொருள் உதவி கிடையாது. யூடியூப்பை 1080 தரத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நெட்ஃபிளிக்ஸுக்காக இதை வாங்கவே கூடாது.

2023 ஒக்டோபரில் விற்பனைக்கு வந்த பை 5 வேகம் கூடியது. வீட்டுத் திரையரங்குக்கு அதைப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். அதில் எச்.264க்கான வன்பொருள் பகுதியை எடுத்துவிட்டார்கள். செயலி வலுவானது என்பதால் அந்த வேலையைத் தானே செய்துவிடும், ஆனால் அதற்குரிய சூட்டோடு. அதற்கு 5 வோல்ட், 5 அம்பியர் அடப்டர் வேண்டும். சாதாரண 3 அம்பியர் அடப்டர் போட்டால் யுஎஸ்பி துளைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லி அம்பியர்தான் கொடுக்கும். வன்தட்டு சுழல அது போதாது. விசிறி இல்லாமல் வைக்க நினைப்பவருக்குப் பை 4தான் சாந்தமான பிள்ளை.

மறைந்திருக்கும் செலவு: விலைப்பட்டியலில் பார்ப்பது வெறும் பலகையின் விலை. அடப்டர், உலோக உறை, மைக்ரோ எச்டிஎம்ஐ வயர், நினைவட்டை எல்லாம் தனித்தனி. இவற்றைக் கூட்டினால் பலகையின் விலைக்கு அருகே வந்துவிடும். இன்னொன்று: மின்சாரம் திடீரென நின்றால் நினைவட்டையிலுள்ள தரவு கெடலாம். 2022இல் மின்வெட்டு நாளொன்றுக்குப் பல மணி நேரம் நீண்டபோது இப்படி ஓர் அட்டையை இழந்தேன். அதற்குப் பின் சிறிய யுஎஸ்பி எஸ்எஸ்டியிலிருந்தே இயக்குகிறேன். 4கே 60 சட்டகம் வேண்டுமானால் மின்துளைக்கு அருகிலுள்ள எச்டிஎம்ஐ துளையில் செருகி, அமைப்புக் கோப்பில் ஒரு வரியும் சேர்க்க வேண்டும். இவற்றைச் செய்து கொடுக்க வீட்டில் ஓர் ஆள் இருக்க வேண்டும்.

எப்போது இதுவே சிறந்தது: படங்கள் வன்தட்டில் இருந்து, ஒரே ரிமோட் வேண்டும் என்றால்.

## இரண்டாம் வழி: இன்டெல் என்100 விசிறியில்லாப் பெட்டி

2023 தொடக்கத்தில் இன்டெல் வெளியிட்ட என்100 சில்லு இந்தத் துறையின் நிலைமையையே மாற்றியது. நான்கு கருக்கள், வெப்ப வடிவமைப்பு அளவு (சில்லு வெளியிடும் சூட்டின் பெயரளவுக் கணக்கு) 6 வாற்று, எச்.265, விபி9, ஏவி1 மூன்றையும் வன்பொருளிலேயே ஓட்டும். 2025இல் வந்த என்150 அதன் நெருங்கிய தம்பி. விலை ஒத்திருந்தால் எதையும் எடுக்கலாம். யூடியூப் 4கே, இணைய உலாவி, சூம் வகுப்பு, கணக்குத் தாள், குடும்பப் படத்தொகுப்பு என்று ஒரு முழுக் கணினியின் வேலை எல்லாம் இதில் நடக்கும்.

ஆனால் வாங்கும்போது கண் விழிப்பாக இருக்க வேண்டும். என்100 சில்லுள்ள பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் சிறு விசிறி உண்டு. ‘சத்தமில்லாதது’ என்ற விளம்பரத்தை நம்பி இணையக் கடை ஒன்றில் நான் வாங்கிய முதல் பெட்டியின் அடிமூடியைக் கழற்றியபோது உள்ளே நாணயமளவு விசிறி இருந்தது. திருப்பி அனுப்பும் செலவை என் தலையில் கட்டினார்கள். ஆகவே விற்பவரிடம் ‘சத்தம் வருமா’ என்று கேட்காதீர்கள். ‘உள்ளே விசிறி இருக்கிறதா, இல்லையா’ என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். மேலே எல்லாப் பக்கமும் உலோகமாய், காற்றுத் துளையே இல்லாத பெட்டிதான் நமக்கு வேண்டியது.

இன்னொரு நுணுக்கம். 6 வாற்று என்பது சில்லின் பெயரளவுக் கணக்கு. சில உற்பத்தியாளர்கள் வேகம் காட்டுவதற்காகப் பயோஸில் (கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கத்தில்) அந்த வரம்பை 10, 15 வாற்றுக்கு மேல் ஏற்றி விடுகிறார்கள். படம் பார்க்க அந்த வேகம் வேண்டியதில்லை. பயோஸில் மீண்டும் 6க்கு இறக்கிவிட்டால் வெப்பம் சட்டென்று தணியும். எஸ்எஸ்டி வாங்கினால், பெட்டியில் இடமிருக்குமானால், என்விஎம்ஈ வகையைவிடச் சாட்டா வகையையே எடுங்கள். அது சூடு குறைந்தது.

மறைந்திருக்கும் செலவு: இவ்வகைப் பெட்டிகளில் சிஇசி பெரும்பாலும் இருப்பதில்லை. அதற்கென யுஎஸ்பி இணைப்பி தனியே வாங்க வேண்டும், அல்லது விசைப்பலகையோடு கூடிய சிறு ரிமோட் ஒன்று. விண்டோஸ் 11 பதித்து வந்தால் அதன் உரிமம் முறையாகச் செயற்பட்டிருக்கிறதா என்று அமைப்புப் பக்கத்தில் அன்றே பாருங்கள். வெளிநாட்டிலிருந்து நேரே தருவித்தால் சுங்கமும், 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாக உயர்ந்த பெறுமதி சேர் வரியும் சேரும். உத்தரவாதம் பெயரளவில்தான். உள்நாட்டில் வாங்கினாலும் பழுதானால் பெட்டி ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தள்ளிக் கொழும்புக்குப் போய்வர வேண்டியிருக்கும். திருகோணமலைக் கடை ஒன்று சற்றுக் கூடுதல் விலை சொன்னாலும், பழுதைத் தாங்களே பொறுப்பேற்பார்கள் என்றால் அந்த வேறுபாட்டைக் கொடுக்கலாம்.

இதற்கு ஒரு நன்மையும் மறைந்திருக்கிறது. இவற்றில் பல 12 வோல்ட்டில் ஓடுகின்றன. ரவுட்டருக்காகப் பல வீடுகளில் வாங்கி வைத்திருக்கும் சிறிய 12 வோல்ட் மின்காப்புப் பெட்டி, திறன் போதுமானதாக இருந்தால், இதையும் சுமக்கும்.

எப்போது இதுவே சிறந்தது: தொலைக்காட்சியும் கணினியும் ஒன்றாக வேண்டிய வீட்டுக்கு, கடலோரத்தில் இருப்பவருக்கு, யூடியூப்பை 4கே தரத்தில் பார்ப்பவருக்கு.

## மூன்றாம் வழி: பாவித்த அலுவலகக் கணினி

வங்கிகளும் பெரிய அலுவலகங்களும் பாவித்துக் கழிக்கும் ‘தின் கிளையன்ட்’ வகைப் பெட்டிகள் (மையக் கணினியோடு இணைத்துப் பாவிக்கும் சிறு கணினிகள்) பழைய கணினிக் கடைகளுக்கு வருகின்றன. இவற்றில் நான் நம்பிக் கைநீட்டுவது டெல் வைஸ் 5070. 2018இல் வந்தது, விசிறி கிடையாது, செலரன் ஜே4105 அல்லது பென்டியம் ஜே5005 சில்லு. ஆண்டுக்கணக்கில் இடைவிடாமல் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டதால் உள்ளே கனத்த வெப்பவாங்கி வைத்திருக்கிறார்கள். எச்.265 (பத்து பிட் நிற ஆழம் உட்பட), விபி9 இரண்டையும் வன்பொருளில் ஓட்டும். ஏவி1 தெரியாது.

உப்புக்கு முன்னால் இது சற்றுப் பலவீனமானது. உடலில் காற்றுத் துளைகள் உண்டு. விசிறி இழுக்காததால் தூசி மெதுவாகத்தான் படியும். ஆனாலும் டச்சுக்குடாவுக்கு எதிரே இருக்கும் வீட்டுக்கு இதை வாங்கச் சொல்ல மாட்டேன். பாலையூற்று, அன்புவழிபுரம் போன்ற உட்புறத்து வீடுகளுக்குக் கவலையில்லை.

மறைந்திருக்கும் செலவு: எச்டிஎம்ஐ துளை இல்லை, டிஸ்ப்ளேபோர்ட் மட்டுமே. சாதாரண மாற்றி வயர் போட்டால் 4கே படம் வினாடிக்கு 30 சட்டகத்தோடு நின்றுவிடும். 60 வேண்டுமானால் ‘ஆக்டிவ்’ வகை மாற்றி தேவை. அதன் விலை வேறு. பெட்டியில் சேமிப்பிடம் மிகக் குறைவாக இருப்பதுண்டு, எம்.2 சாட்டா எஸ்எஸ்டி ஒன்று சேர்க்க வேண்டும். அசல் அடப்டர் இல்லாமல் விற்றால் வாங்காதீர்கள். கடையிலேயே மூடியைக் கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். வேறு கடலோர அலுவலகத்தில் இருந்து வந்த பெட்டியாகவும் இருக்கலாம்.

எப்போது இதுவே சிறந்தது: பணம் இறுக்கமாக இருந்து, கொஞ்சம் கைவேலை தெரிந்தவருக்கு. விலைக்குக் கிடைக்கும் பெறுமதியில் நான்கில் இதுவே முதலிடம் என்பது என் எண்ணம்.

## நான்காம் வழி: ஆயத்த ஸ்ட்ரீமிங் பெட்டி

கணினியே வேண்டாம், நெட்ஃபிளிக்ஸும் யூடியூப்பும் ஓடினால் போதும் என்பவருக்கு இது. ஆப்பிள் டிவி 4கே 2022ஆம் ஆண்டுப் பதிப்பில் விசிறியை எடுத்துவிட்டார்கள்; உடல் முழுவதும் மூடியது. கூகுள் சான்றிதழ் பெற்ற ஆண்ட்ராய்ட் பெட்டிகளும் விசிறி இல்லாமல் கிடைக்கின்றன. போட்டவுடன் ஓடும், சிஇசி உண்டு, மின்சாரம் மிகக் குறைவு.

ஆப்பிள் பெட்டியில் யுஎஸ்பி துளை இல்லை. வன்தட்டை நேரே செருக முடியாது. வீட்டு வலையமைப்பில் வேறொரு கருவி அதைப் பகிர வேண்டும். படத்தொகுப்பு வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும், வேண்டாம் என்று சொல்ல.

சான்றிதழ் இல்லாத மலிவு ஆண்ட்ராய்ட் பெட்டிகளைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். ‘எல்லாச் சானலும் இலவசம்’ என்று சொல்லி விற்கும் பெட்டிகளில் சில, தீங்கான மென்பொருளைத் தொழிற்சாலையிலிருந்தே சுமந்து வருகின்றன. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ, ‘பேட்பாக்ஸ் 2.0’ என்ற வலையில் இத்தகைய பெட்டிகள் சிக்கியிருப்பதாகப் பொதுமக்களை எச்சரித்தது. வங்கிக் கணக்கைத் திறக்கும் கைபேசியும் அதே ரவுட்டரில்தான் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். இவற்றுக்கு உரிமச் சான்றும் இல்லாததால் நெட்ஃபிளிக்ஸும் தெளிவாகத் தெரியாது. எந்த விலைக்கும் வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | ராஸ்பெரி பை 4 | என்100 பெட்டி | வைஸ் 5070 | ஸ்ட்ரீமிங் பெட்டி |
|---|---|---|---|---|
| வெப்பம் | உலோக உறை போட்டால் நன்று | பெட்டியின் பாரத்தைப் பொறுத்தது | மிக நன்று | நன்று |
| உப்புக்காற்று | உறையைப் பொறுத்தது | மூடிய பெட்டி மிக நன்று | துளைகள் உண்டு, கவனம் | மிக நன்று |
| எச்.265 4கே | ஆம் | ஆம் | ஆம் | ஆம் |
| விபி9 | இல்லை | ஆம் | ஆம் | ஆம் |
| ஏவி1 | இல்லை | ஆம் | இல்லை | பெட்டிக்குப் பெட்டி வேறு |
| நெட்ஃபிளிக்ஸ் 4கே | இல்லை | விண்டோஸில் மட்டும் | எதிர்பார்க்க வேண்டாம் | சான்றிதழ் இருந்தால் |
| தொலைக்காட்சி ரிமோட் | ஆம் | தனி இணைப்பி வேண்டும் | தனி இணைப்பி வேண்டும் | ஆம் |
| வன்தட்டு நேரே | ஆம் | ஆம் | ஆம் | ஆப்பிளில் இல்லை |
| கைவேலை | கூட | நடுத்தரம் | கூட | இல்லை |

அட்டவணையில் அடங்காத ஒரு கேள்வி: உங்கள் தொலைக்காட்சியே இதையெல்லாம் செய்கிறதா? பணம் செலவழிக்கும் முன் வன்தட்டைத் தொலைக்காட்சியின் யுஎஸ்பி துளையில் செருகி, ஒரு வாரம் பாருங்கள். சிலருக்கு அதுவே போதுமாகிவிடுகிறது.

## வாங்கிய பின் எங்கே வைப்பது

விசிறியில்லாப் பெட்டியின் வாழ்வு இடத்தில்தான் இருக்கிறது. நான்கு பக்கமும் ஒரு சாண் வெளி விடுங்கள். தகடுகள் மேலும் கீழுமாய் நிற்கும்படி வைத்தால் சூடேறிய காற்று தானே எழும்பிப் போகும். ரவுட்டருக்கு மேலோ ஒலிபெருக்கிப் பெட்டிக்கு மேலோ அடுக்காதீர்கள். கடலைப் பார்த்த யன்னலுக்கு நேரே வேண்டவே வேண்டாம். மாதம் ஒருமுறை உலர்ந்த தூரிகையால் தகடுகளைத் தட்டுங்கள். ஈரத்துணி வேண்டாம், அது உப்பைக் கரைத்து இடுக்குக்குள் அனுப்பும்.

சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடி முழங்கும் பிற்பகல்களில் மின்பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. ரவுட்டரிலிருந்து வரும் வலையமைப்பு வயரையும் கழற்ற வேண்டும். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

வெளி வன்தட்டு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கணினியில் விசிறி இல்லாதபோது அறையில் கேட்கும் ஒரே இரைச்சல் அந்த வன்தட்டு சுழல்வதுதான். அது மரத்தட்டில் அதிர்ந்து பெரிதாகும். கீழே ஒரு துண்டு ரப்பர் போடுங்கள்.

ஆசிரியருக்குப் பை 4 வாங்கி, லிப்ரீஎலெக் பதித்துக் கொடுத்தேன். இரண்டு டெராபைட் வன்தட்டில் பழைய படங்கள் வைத்திருக்கிறார். அவருக்கு வேறொன்றும் வேண்டியதில்லை. கிண்ணியா நண்பர் வைஸ் 5070 எடுத்தார். விலையைக் கேட்டதும் அவருக்கு வந்த நிம்மதியில் ஏவி1 பற்றி நான் மேலும் பேசவில்லை; பாடக் காணொளிகளுக்கு 1080 தரம் போதும்.

சித்தப்பா வீட்டுக்கு மூடிய என்100 பெட்டி. முதலில் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்திருந்தார். கச்சான் அடித்த ஒரு பிற்பகல் மூன்று மணிக்குப் போய் அளந்தபோது சில்லு 84 பாகையைக் காட்டியது. பயோஸில் 6 வாற்றுக்கு இறக்கி, அலுமாரியிலிருந்து எடுத்து, கடலுக்கு எதிர்ப்புறச் சுவரில் இரண்டு மரத்துண்டு வைத்து நிமிர்த்தி மாட்டினோம். அரை மணி நேரம் ஒரு கலியாணக் காணொளியை ஓடவிட்டு மீண்டும் அளந்தோம். 67.